பெயர் சொல்லிச் செலுத்திய காணிக்கை

பிலாய்,
18-2-1973

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு, தபீதாள் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, கொய்யாவை அணில் விட்டுவைப்பதில்லை, பச்சையம்மா பாலில் முன்னைவிடத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள், சபைக் கமிட்டியில் ஒலிபெருக்கி வாங்குவதைப் பற்றி மறுபடியும் சண்டை. எல்லாம் தெரிந்துகொண்டேன். இரண்டு பக்கமும் ஓரம்வரை எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் 'வில்பிரட் சுகம்' என்று இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியருக்குப் பெற்ற மகனைப் பற்றி எழுத இரண்டு வார்த்தைதான் கிடைத்ததா?

இங்கே நம் பேரக்குழந்தை நன்றாக இருக்கிறது. பியூலாவுக்குத்தான் பிரசவத்தோடு வந்த காமாலை இன்னும் முழுதாக விடவில்லை. வாளி தூக்கக் கூடாது, அடுப்பருகே நிற்கக் கூடாது என்கிறார் டாக்டர். மருமகன் லாசரஸ் தங்கமான பிள்ளை. ஆனால் உருக்காலையில் ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இராத்திரி வேலை. கிறிஸ்மஸுக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

நான் புறப்பட்ட அன்று வில்பிரட் சென்ட்ரலுக்கு வந்து பெட்டியை ஏற்றிக் கொடுத்தானே, நினைவிருக்கிறதா? பட்டப்பகலில் அவன்மேல் அந்த வாடை அடித்தது. பக்கத்து சீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவன் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். வாடையே தெரியாதவள் மாதிரி நடித்தேன். வண்டி கூடூர் தாண்டும்வரை அழுதேன். அதை உங்களிடம் சொல்லவில்லை.

அதனால் கேட்கிறேன். தினமும் குடிக்கிறானா, சம்பள நாளில் மட்டுமா? சாப்பிடுகிறானா? பல்லாவரத்துத் தோல் கம்பெனிக்கு ஒழுங்காகப் போகிறானா? இருபத்தெட்டு வயதுப் பிள்ளையை அடிக்கவும் முடியாது, கட்டிப்போடவும் முடியாது, தெரியும். ஆனால் எனக்கு உண்மை வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கணக்கு வேண்டாம்.

தபீதாள்


கிழக்குத் தாம்பரம்,
12-3-1973

பிரியமுள்ள தபீதாளுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தினமும்தான். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. எழுதிவிட்டால் அது நம் வீட்டுச் செய்தி ஆகிவிடும் என்று பயம். வேலை முடிந்து எலக்ட்ரிக் ரயிலில் வந்து இறங்குகிறான். இந்தப் பக்கம், வீட்டுப் பக்கம், வருவதில்லை. மேற்கே இறங்கி, மெயின் ரோட்டில் இருக்கிற சாராயக் கடைக்குப் போகிறான். அதன் பிறகு ரயில்வே கேட் வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு வருகிறான். சில நாள் சாப்பிடுகிறான். பல நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான்.

ஜனவரியில் ஒருநாள் விடிந்ததும் பால் ஊற்ற வந்த பச்சையம்மா கத்தினாள். "இன்னா சார், தம்பி கெணத்தாண்ட பட்துகினு கீது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காச்சலா? எங்க வூட்டுக்காரனுக்கும் தெனம் இதே காச்சல்தான் சார் வருது. மோரு குடு, எய்ந்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். தபீதாள், அன்று நான் கூசிப் போனேன்.

மதுவிலக்கு இருந்த காலத்தில் நான் எத்தனை மேடையில் பேசியிருப்பேன்! ஒழுக்கமான வீட்டில் பிறந்த பிள்ளை குடிக்காது என்று அடித்துச் சொல்வேன். எழுபத்தொன்றில் கடையைத் திறந்தார்கள். ஒரே வருடத்தில் என் பேச்சு என் வீட்டிலேயே செல்லாமல் போயிற்று. அரசாங்கம் பூட்டுப் போட்டு வைத்திருந்தது, நாம் நன்றாக வளர்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு செய்தி இருக்கிறது. அதற்காகத்தான் இன்று பேனாவை எடுத்தேன். போன வாரம் சாம்பல் புதன் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, வில்பிரட் தானாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். திரும்பி வரும்போது, "அப்பா, லெந்து நாள் முடிஞ்சு ஈஸ்டர் வர்ற வரைக்கும் நான் தொட மாட்டேன். நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. கேட்டா முடியாது" என்றான். சரி என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை தொடவில்லை. கை நடுங்குகிறது, ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். நான் பார்க்காததுபோல் தினத்தாளை விரித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஜெபசீலன்


பிலாய்,
18-3-1973

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

படித்தேன். மறுபடி படித்தேன். பியூலாவிடம் கொடுத்தேன், அவளும் படித்தாள். நம்பவும் பயமாக இருக்கிறது, நம்பாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். அவன் இறங்குகிற நேரத்துக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமலேயே கத்துகிறவர்கள்தானே கமிட்டியில் இருக்கிறார்கள், அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும். வந்ததும் வயிறு நிறைய ஏதாவது கொடுங்கள். வெறும் வயிறுதான் அங்கே இழுக்கும். மோரில் இஞ்சி தட்டிப் போடுங்கள். நீங்கள் ரசம் என்ற பெயரில் வைக்கிற புளித்தண்ணீரைக் கொடுத்துத் தொலைக்காதீர்கள். குழம்பு வைக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நம் வீட்டுக் கைப்பக்குவம் அவளுக்குத் தெரியும்.

புத்தி சொல்லாதீர்கள். உங்களுக்கு அது கஷ்டம், தெரியும். ஆனால் இந்த நாற்பது நாளும் தலைமையாசிரியரை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் அப்பாவாக இருந்து பாருங்கள். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் நீங்களும் சும்மா இருங்கள்.

நான் இங்கே ஜெபத்தில், முழங்காலில்தான் இருக்கிறேன்.

தபீதாள்


கிழக்குத் தாம்பரம்,
10-4-1973

பிரியமுள்ள தபீதாளுக்கு,

இப்போதுதான் மனம் விட்டு எழுதுகிறேன். பிள்ளை நிற்கிறான். இடையில் இரண்டு நாள் மிகவும் கஷ்டப்பட்டான். ஒருநாள் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனான், கொஞ்ச நேரம் நின்றான், திரும்பி வந்து செருப்பைக் கழற்றினான். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். கடைக்குப் போகிற அந்த நேரத்தில் இருவரும் நடக்கப் போகிறோம். சில நாள் பீர்க்கன்கரணை ஏரிவரை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் திருநீர்மலை அடிவாரம்வரை போய் நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் பேசுகிறான். கம்பெனியில் தோலைக் கழுவுகிற ஆட்களின் கை எப்படி வெந்து போகிறது, கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த நாற்றம் எப்படிச் சட்டையோடு வீட்டுக்கு வருகிறது என்று சொன்னான். "முதல்ல அந்த நாத்தத்த மறக்கத்தான் குடிச்சேன்பா. அப்புறம் எதுக்குன்னே தெரியல" என்றான். இத்தனை வருடம் இவனிடம் மார்க் எத்தனை என்று மட்டுமே கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முகம் தெளிந்துவிட்டது. கை நடுக்கம் போய்விட்டது. கிளியம்மாள் வைத்த மீன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உன் ஜெபம் கேட்கப்பட்டது, தபீதாள். இதைத் தயங்காமல் எழுதுகிறேன். நம் பிள்ளை நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான்.

இன்னொரு நல்ல காரியமும் கூடி வருகிறது. ஈஸ்டர் முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன். அதுவரை பொறு.

அன்புடன்,
ஜெபசீலன்


பிலாய்,
15-4-1973

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையில் குழந்தை பயந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேறு என்ன எழுத? நான் செய்ய வேண்டியதை இங்கிருந்தே செய்துவிட்டேன். ஈஸ்டர் அன்று கோயிலில் உங்களுக்கே தெரியவரும். அன்று வில்பிரட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

தபீதாள்


கிழக்குத் தாம்பரம்,
24-4-1973

தபீதாளுக்கு,

நீ சொன்னபடியே பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன்.

ஈஸ்டர் என்பதால் கோயில் நிரம்பி வெளியே பந்தல்வரை ஆட்கள். பிரசங்கம் முடிந்து, காணிக்கை எடுப்பதற்கு முன்னால், போதகர் சுவிசேஷமுத்து வழக்கம்போல ஸ்தோத்திர காணிக்கைகளை, யார் எதற்கு நன்றியாகக் கொடுத்தது என்று வாசித்தார். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, வீடு கட்டி முடித்ததற்காக. நான் பாதி கவனத்தில்தான் இருந்தேன். அப்போது உன் பெயர் வந்தது. திருமதி தபீதாள் ஜெபசீலன் என்று கேட்டதும் நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பியூலாவுக்குச் சுகம் கிடைத்ததற்காக என்று வரும் என எதிர்பார்த்தேன்.

"தன் மகன் வில்பிரட்டைக் கர்த்தர் குடிப்பழக்கத்திலிருந்து விடுவித்ததற்காக."

போதகர்மேல் தவறில்லை. நீ மணியார்டரில் எழுதி அனுப்பியதை அப்படியே வாசித்தார். புது ஒலிபெருக்கி வந்துவிட்டது. பந்தலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நான் வில்பிரட்டைப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை. முன் வரிசையில் எலியேசர் உட்கார்ந்திருந்தார், அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பினார்கள், அவர் ஒருவர்தான் திரும்பவில்லை. ஏன் எலியேசரைச் சொல்கிறேன் என்றால், நான் எழுதுகிறேன் என்று சொன்ன நல்ல காரியம் அதுதான். அவருடைய மகள் ரத்தினபாயை, குரோம்பேட்டையில் டீச்சராக இருக்கிறதே அந்தப் பெண்ணை, வில்பிரட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் திங்களன்று பெண் பார்க்கப் போவதாக இருந்தது. ஆராதனை முடிந்ததும் எலியேசர் வந்து கை கொடுத்தார். ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார். வீட்டில் உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். மரியாதையான மனிதர்.

வில்பிரட் என்னோடு வீடுவரை நடந்து வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இந்த முறை வாசலில் நிற்கவில்லை.

ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று நீ கேட்கலாம். தெரிந்திருந்தது. ஆனால் யாரும் வாயால் சொன்னதில்லை. முதலில் சொன்னது அவனைப் பெற்றவள்.

ஜெபசீலன்


பிலாய்,
30-4-1973

பியூலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். மறக்கக் கூடாது என்றுதானே எழுதினீர்கள்.

என் தவறை நான் ஒத்துக்கொள்கிறேன். 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி' என்று எழுதி அனுப்புகிறவர்களும் நம் சபையில் இருக்கிறார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் உங்கள் காதில் நான் கிசுகிசுப்பேன், ஆண்டவருக்கு நன்றி சொல்லக்கூட இவர்களுக்கு முக்காடு வேண்டியிருக்கிறதே என்று. நீங்களும் சிரிப்பீர்கள். அந்தக் கர்வம்தான் என்னை எழுதவைத்தது. ஒரு முக்காடு போட்டிருந்தால் என் பிள்ளை மறுபடி குடிக்கப் போயிருக்கமாட்டான். போஸ்டாபீசில் அந்தத் தாளை எழுதும்போது என் கை எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மகன் வில்பிரட் என்று பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

ஆனால் நீங்கள் செய்ததையும் பேசுவோம். அவன் குடியை விட்டு ஒரு மாதம் ஆவதற்குள் ஒரு வீட்டுப் பெண்ணைப் பேசியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் முதலில் உண்மையைச் சொல்லுங்கள் என்றிருப்பேன். அதற்காகத்தானே மறைத்தீர்கள்? எலியேசரிடம் என்ன சொல்லிப் பெண் கேட்டீர்கள்? பையன் தங்கம் என்றா? அந்தப் பிள்ளை ரத்தினபாய் நம் வீட்டுக்கு வந்து, பச்சையம்மா கிணற்றடியில் பார்த்ததைப் பார்த்திருந்தால் என்ன செய்வீர்கள்? அவளிடமும் காய்ச்சல் என்று சொல்வீர்களா?

எனக்குக் கல்யாணப் பேச்சு தெரிந்திருந்தால் அந்த மணியார்டரை அனுப்பியிருக்கமாட்டேன். உங்கள் வாயை நீங்கள் மூடினீர்கள், நான் திறந்தேன். இரண்டுக்கும் நடுவில் அவன் போய்விட்டான்.

உடனே கிளம்பி வரத்தான் நினைத்தேன். நேற்று பியூலா எழுந்து இரண்டு அடி வைத்ததும் தலைசுற்றி விழுந்துவிட்டாள். இவளை விட்டு எப்படி வர? அங்கே ஒன்று, இங்கே ஒன்று. சொல்லுங்கள், எந்தப் பிள்ளைக்கு நான் அம்மா?

தபீதாள்


பிலாய்,
28-5-1973

பியூலா அப்பாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருந்தால் கோபத்தோடு எழுதுங்கள். திட்டி எழுதுங்கள். தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தாம்பரத்தில் என்னென்னவோ நடந்துவிட்டதாக என் மனசு கற்பனை செய்கிறது. நீங்களும் அவனும் உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டுமாவது எழுதுங்கள். கிணற்றைப் பற்றி எழுதினாலும் சரி, அணிலைப் பற்றி எழுதினாலும் சரி.

தபீதாள்


கிழக்குத் தாம்பரம்,
9-6-1973

பிரியமுள்ள தபீதாளுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீ எழுதியதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை. எலியேசர் விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் சரி. போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார்.

வில்பிரட் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறான். வேலைக்குப் போகிறான், ஆனால் எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள் என்று தெரியாது. என்னோடு பேசுவதில்லை. சண்டையும் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறான், இல்லாவிட்டால் போய்ப் படுத்துவிடுகிறான்.

கேட்டுக்கு மேற்கே சைக்கிள் கடை வைத்திருக்கிற சம்பத்தை உனக்குத் தெரியும். அவர்கள் வயலில்தானே நம் தெரு முழுவதும் வீடாயிற்று. போன மாதம் அவர் என்னை நிறுத்தினார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க புள்ள தெனம் கேட்டு மூடிகீறப்பவே அடியில பூந்து போறாரு. நேத்து எலக்ட்ரிக் வண்டி வந்துகினு கீது, இவுரு பாட்டுக்குத் தண்டவாளத்துல நின்னுகினு சட்டப் பையில இன்னாத்தையோ தேடிகினு கீறாரு. நாந்தான் ஓடிப்போய் கையப் புட்சி இஸ்தேன். தெனம் நான் இருக்க மாட்டேன் சார்."

அன்று முதல் நான் போய் நிற்கிறேன். சாராயக் கடைக்கு எதிர்ப்பக்கம், புளியமரத்தடியில். குடை வைத்துக்கொள்கிறேன், வெயில் தாழ்ந்த பிறகும் விரித்துப் பிடித்துக்கொள்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, அது முகத்தை மறைக்கத்தான். முதல் நாள் அவன் வெளியே வந்து என்னைப் பார்த்தான். யாரோ எவரோ என்பதுபோல் தாண்டிப் போனான். நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன். கேட் மூடியிருந்தது. அவன் குனிந்தான். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தேன். உதறவில்லை, நின்றான். வண்டி போன பிறகு விட்டேன். வீடுவரை அவன் முன்னால், நான் பின்னால். இப்போது தினமும் இப்படித்தான்.

மேடையில் ஏறி மதுவிலக்குப் பேசிய ஜெபசீலன் சார் சாராயக் கடை வாசலில் நிற்கிறார் என்று பேச்சு பரவிவிட்டது. போதகர் வீட்டுக்கு வந்தார். வருத்தத்தோடுதான் சொன்னார், கமிட்டியிலிருந்து கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே என்று. எடுத்துக்கொண்டேன். சபை ஆட்கள் அந்தப் பக்கம் வந்தால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுகிறார்கள். எலியேசர் மகள் ஒருத்திதான் நின்றாள். "ஸ்தோத்திரம் அங்கிள்" என்றாள். பிறகு, "தப்பிச்சோம்னு அப்பா சொல்றார். எனக்கு அப்படிச் சொல்ல வரலை" என்று சொல்லிவிட்டுக் கண் கலங்கப் போய்விட்டாள். நல்ல பெண். நம் வீட்டுக்கு வராமல் போனது நல்லதுதான்.

ஜெபசீலன்


பிலாய்,
17-6-1973

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

நீங்கள் அந்தப் புளியமரத்தடியில் நிற்கிறதை நினைத்துப் பார்க்கிறேன். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்தால் வெளியே போகமாட்டீர்கள். எதிரே பழைய மாணவன் வந்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வீர்கள். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஈஸ்டருக்குப் பிறகு அவன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? என்மேல் வெறுப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

கள்ளுக் கடைகளை மூடப் போகிறார்கள் என்று லாசரஸ் பேப்பரில் படித்துச் சொன்னார். சாராயக் கடையையும் மூடுவார்களா? மூடினால் நின்றுவிடுவானா?

பியூலா இப்போது தானே எழுந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். கண்ணில் மஞ்சள் போய் வெள்ளையாகிவிட்டது.

தபீதாள்


கிழக்குத் தாம்பரம்,
3-7-1973

பிரியமுள்ள தபீதாளுக்கு,

கள்ளுக் கடையை மட்டும்தான் மூடுகிறார்களாம். சாராயக் கடை இருக்குமாம். அதையும் மூடினால் என்ன ஆகும் என்று பச்சையம்மாவிடமே கேட்டேன். "மூடினா இன்னா சார்? எங்காளு பள்ளிக்கரண சதுப்புல பூந்து கள்ளச் சாராயம் வாங்கினு வருவான். அது இன்னும் பேஜாரு" என்றாள். முன்பு நானும் கடை மூடவேண்டும் என்று ஜெபித்தவன். இப்போது எதற்காக ஜெபிப்பது என்று தெரியாமல் முழங்காலில் சும்மா இருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னைப் பற்றிச் சொன்னான். போன வாரம் மழை. இருவரும் ஒரே குடையில் வரவேண்டியதாயிற்று. அவனாகத்தான் பேசினான். நாக்கு குழறியது, ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது.

"அம்மா மேல கோபம் இல்லப்பா. கோயில்ல வாசிச்சதும் எல்லாரும் திரும்பினாங்க பாருங்க, அதுகூட இல்ல. நான் ஈஸ்டர் வரைக்கும்னுதான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். அதுக்கு மேல எண்ணத் தைரியம் இல்ல. ஈஸ்டர் வந்ததும் இன்னும் ஒரு வாரம்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். அம்மா ஆயுசுக்கும் சேத்து நன்றி சொல்லிட்டாங்க. அவ்ளோ பெரிசா என்னால முடியாதுப்பா."

தபீதாள், இதைக் கேட்டால் உன் மனம் ஆறுமா, இன்னும் வலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சில நாள் வைத்திருந்து எழுதுகிறேன். அந்தப் பாரத்தை உன்மேல் மட்டும் நான் ஏற்றியது அநியாயம். 'நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான்' என்று உனக்கு எழுதியவன் நான்தானே. ஒரு வாரம் ஒரு வாரமாகப் பிழைத்துக்கொண்டிருந்தவனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவசரப்பட்டுப் பிழைத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஒரே ஒரு மாற்றம். இப்போதெல்லாம் கேட் அருகே வந்ததும் அவனே நிற்கிறான். திரும்பிப் பார்க்காமல், "அப்பா, கேட்டு மூடியிருக்கா?" என்று கேட்கிறான். அவனுக்குக் கண் தெரியாமல் இல்லை. நான் பின்னால் இருக்கிறேனா என்று கேட்கிறான். மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்கிறேன். திறந்திருந்தால் வா என்கிறேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. குடி குறையவில்லை. கம்பெனியில் இந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. நின்று நின்று வந்தது. சம்பத் முக்காலி போடுகிறேன் என்கிறார். உட்கார்ந்தால் அவன் வெளியே வருவது தெரியாது என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

உன்,
ஜெபசீலன்


பிலாய்,
12-7-1973

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அவன் சொன்னதைப் படித்தேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் என் பிள்ளை என்னிடம் பேசியது மாதிரியும் இருந்தது. அந்தக் காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே சமைக்கிறேன்.

பியூலா என்னைப் போகச் சொல்லிவிட்டாள். "இங்க நான் எழுந்துட்டேன். அங்க ரெண்டு பேர் விழுந்து கிடக்கறாங்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை லாசரஸ் வண்டி ஏற்றிவிடுகிறார். நாக்பூரில் மாறிப் புதன்கிழமை சாயங்காலம் சென்ட்ரல் வந்து சேருவேன்.

நீங்கள் சென்ட்ரலுக்கு வர வேண்டாம். அந்த நேரம் நீங்கள் நிற்கிற நேரம். என்னை அழைத்துவர நீங்கள் வந்துவிட்டு, அன்றைக்கு அவன் திரும்பிப் பார்க்காமல் கேட்கிறபோது பதில் சொல்ல ஆள் இல்லாமல் போக வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பைதான். பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து எலக்ட்ரிக் ரயில் ஏறிக்கொள்வேன். சென்னையில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு வழி தெரியாதா?

நான் வருகிறேன் என்று அவனிடம் சொல்லாதீர்கள். சொன்னால் எனக்காக அன்று ஒருநாள் குடிக்காமல் வருவான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். அதைப் பார்த்தால் நான் மறுபடியும் நம்பிவிடுவேன். அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே பார்க்கிறேன்.

இறங்கியதும் வீட்டுக்குப் போகமாட்டேன். மேற்குப் பக்கம்தான் வருவேன். சபை ஆட்கள் பார்க்கட்டும். கோயிலில் மைக் வைத்துச் சொன்னவளுக்கு ரோட்டில் நிற்க என்ன வெட்கம்? முழங்காலுக்கு எண்ணெய் கொண்டு வருகிறேன். நான் வந்த பிறகு நீங்கள் சம்பத் கடை முக்காலியில் உட்காருங்கள், வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புளியமரத்தடியில் இருட்டாக இருக்கும். குடையை விரித்தே பிடித்திருங்கள். அதை வைத்து உங்களைக் கண்டுபிடித்து வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

உங்கள்,
தபீதாள்